பச்சையாக நின்ற வன்னி

ராத்திரி மணி இரண்டு. லாரித் தடத்தைத் தவிர வழி என்று எதுவும் இல்லாத மணல்காடு… கால்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு கேளுங்கள். இது என் சகலையின் தம்பிக்கு நடந்தது. ஆழ்குழாய்க் கிணறு போடுகிறவன்.

எந்திரத்தோடு அவனையும் கூட்டாளியையும் அந்த மணல்காட்டில் இறக்கிவிட்டு லாரி போய்விட்டது. திரும்பி வர மூன்று நாள். கூட்டாளிக்குப் பட்டப்பெயர் யானை. நூறு கிலோ. குடிக்க ஒரே ஒரு டிரம் தண்ணீர்.

அங்கே ஒரு வன்னி மரம் நின்றது. பாளம்பாளமாக வெடித்த சாம்பல் நிறப் பட்டை. கிளையெல்லாம் முள், இலை அரிசி அளவு. மற்ற மரங்கள் கருகுகிற கோடையில்தான் வன்னி துளிர்க்கும்… ஆணிவேர் நூறடிக்குக் கீழே போய் ஈரத்தைப் பிடித்துவிடும். பச்சை வன்னியைக் கண்டால் கிணறு போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குழாய் இறக்குவார்கள். இவர்களும் இறக்கினார்கள். முந்நூறு அடி. வந்தது வெறும் புழுதி.

அப்புறம் எதைக் குடித்துப் பச்சையாக நின்றது அது?

இவன் அதை யோசிக்கவில்லை. நிழலுக்காக மரத்தடியில் வைத்த டிரம்மில் காலையில் நாலு விரல் குறைந்திருந்தது. அதைத்தான் பார்த்தான்.

"ராத்திரி எந்திரிச்சுக் குடிச்சியாடா?"

"யானைன்னா தும்பிக்கையும் இருக்கும்னு நெனச்சியா? நான் தொடல."

டிரம்மைப் பூட்டினான். சாவி கழுத்தில். மறுநாள் எட்டு விரல் குறைவு. ஒழுகல் இல்லை. மணலில் காலடி இல்லை. யானையின் உதடு வெடித்திருந்தது. 'நடிக்கிறான்' என்று நினைத்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தாகத்தில் இருப்பவன் கண்ணுக்குக் கூட்டாளியே திருடன்.

மூன்றாம் ராத்திரி டிரம்மை எந்திரத்துக்குப் பக்கத்தில் உருட்டிப்போய், இரும்புத் தகட்டின் மேல் நிறுத்தி, அதில் சாய்ந்து படுத்தான்.

"நீ மரத்தடியிலயே கெட. இந்தப் பக்கம் வந்தே, காலை ஒடிச்சிருவேன்."

"நல்லாக் கட்டிப்பிடிச்சுத் தூங்குடா. உன் பொண்டாட்டிகிட்ட நான் சொல்லமாட்டேன்."

நடு ராத்திரி ஒரு சத்தம்… சர்ர்… சர்ர்… இளநீரின் கடைசி மடக்கைக் குழல் போட்டு உறிஞ்சுகிற மாதிரி. ஈர மண் வாசனை. எழுந்து டிரம்மைத் தட்டினான். தண்ணீர் அப்படியே இருந்தது. புரண்டு படுத்துக்கொண்டான்.

விடிந்தது. தண்ணீர் நூலளவும் குறையவில்லை. மரம் முழுக்க மஞ்சள் பூங்கதிர். யானை தலையோடு போர்த்திக் கிடந்தான். இவன் கூப்பிட்டான்… உலுக்கினான்…

லாரி வந்தது. இவன் யானையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு நடந்தான். டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கேட்டான்:

"ஒத்தக் கையில வெறும் போர்வையத் தூக்கிட்டு வர்றியே… யானை எங்கப்பா?"