ஜிஜாவுக்குக் காய்ச்சிய கஷாயம்

செண்டுமல்லிக்குப் பக்கத்தில் துளசியை வைத்தால் துளசியில் பூச்சி அவ்வளவாக அண்டாது. தனுவச்சபுரத்தில் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள எட்டு சென்டில் பூவுக்குத் தனி இடம், மருந்துக்குத் தனி இடம் என்று நான் பிரித்ததே இல்லை. ஆடாதோடை மேல் பிச்சி படர்ந்திருக்கும். செம்பருத்தித் தூரில் பனிக்கூர்க்கை, அந்தக் கற்பூரவல்லிதான், நிற்கும். விவசாய ஆபீஸான கிருஷிபவனிலிருந்து வந்து படம் எடுத்துப் போயிருக்கிறார்கள். நீங்களும் கேட்டைத் திறந்து வரும்போது நின்று பார்த்தீர்கள், சார். நான் கவனித்தேன்.

என் பெயர் ராஜபாய். வயது ஐம்பத்தெட்டு. வீட்டுக்காரர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. மூத்தவன் சிபி துபாய்க்குப் போனான். முதல் இரண்டு வருடம் ஊருக்கு வந்தான். இப்போது போனில்தான் வருகிறான். "அம்மா, பூவக் காட்டு" என்பான். போனைத் தூக்கிக்கொண்டு பாத்தி பாத்தியாக நடப்பேன். பாதியிலேயே வேறு அழைப்பு வந்து வைத்துவிடுவான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பிள்ளை போனதில் நான் பாடம் படித்தேன், அவ்வளவுதான்.

இளையவள் ஜிஜா. நர்சிங் படித்தவள். இந்தப் பக்கம் நர்சிங் படித்த பெண் ஊரோடு நின்றால்தான் ஆச்சரியம். அயர்லாந்து வேலைக்குக் கொச்சியில் இன்டர்வியூ வந்தது. அதற்கு முந்தின நாள் அவளுக்கு லேசாக இருமல். துளசியும் ஆடாதோடையும் மிளகும் போட்டுக் கஷாயம் வைத்தேன். வேலியோரம் பூத்து நிற்கும் ஒரு கொடியிலிருந்தும் கொஞ்சம் சேர்த்தேன். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். யாராவது கெட்ட காரியத்துக்குப் பயன்படுத்திவிடுவார்கள்.

"அம்மா, இது என்ன இப்பிடி கைக்குது?"

"கைச்சாத்தான் மருந்தாக்கும் மக்கா. கண்ண அடச்சிட்டுக் குடி."

குடித்தாள். இரண்டு நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும். இன்டர்வியூ கைவிட்டுப் போனது. என் மடியில் தலை வைத்து அழுதாள். அவள் என் மடியில் படுத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைத்து என்ன பயன்.

அவள் கெட்டிக்காரி. அடுத்த முறை விசாவே வாங்கிவிட்டாள். "ஒரு வருசம் கழிஞ்சா ஒன்னையும் கொண்டு போவேன் அம்மா" என்றாள்.

"அப்போ இந்தச் செடிக்கு ஆரு வெள்ளம் விடுவா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் கஷாயம். குளிர் தேசத்துக்குப் போகிறாயே, உடம்பு தாங்க வேண்டாமா என்றேன். அவள் நர்ஸ்தான். ஆனால் பெற்றவள் தருவதைச் சந்தேகப்படுகிற மகள் எங்கே இருக்கிறாள்? குமட்டினாலும் எனக்காகக் குடித்தாள். ஆறாவது வாரம் கால் வீங்கியது. கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். நான் அவ்வளவு தூரம் நினைக்கவில்லை. டிக்கெட் தேதி கடந்தால் போதும் என்றுதான் இருந்தேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நெய்யாற்றின்கரைக்கு நானே பஸ்ஸில் கூட்டிப் போகிறேன். மற்ற நாட்களில் தலை பின்னி, பூ வைத்து, பிச்சிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். அவளுக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுக்க வேண்டும். நான் செடிகளுக்கு ஊற்றும்போது குழாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சும் குறைந்துவிட்டது.

போன மாதம் என்னைப் பரிசோதித்தார்கள். என் கிட்னி அவளுக்குப் பொருந்தும் என்று டாக்டர் சொன்னார். ஜிஜா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அப்போ நான் பிழைச்சுக்கிடுவேன், இல்லியா?" என்று கேட்டாள். தர மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். கஷாயம் வரைக்கும் சொன்னேன். அதனால்தான் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். கொடுத்தது நான்தான், தெரிந்தே கொடுத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கிட்னி விஷயத்தில் மட்டும் என்னை வற்புறுத்தாதீர்கள். குணமானால் அவள் போய்விடுவாள். அந்தத் தூரதேசத்தில் பிள்ளைக்கு ஒரு நோய் வந்தால் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?