வலப்பக்கம் போன கை

ரொம்ப காலத்துக்கு முன்னால, போலந்து தேசத்தோட தெற்கு எல்லையில, மலையடிவாரத்துல ஒல்ஷ்கான்னு ஒரு ஊர் இருந்துச்சாம். ஊருக்குள்ள ரெண்டு சனம். ஒண்ணு போலிஷ்காரங்க, இன்னொண்ணு லெம்கோன்னு மலைச்சனம். ரெண்டுக்கும் ஒரே கிணறு, ஒரே சந்தை. சிலுவை போடும்போதுதான் வித்தியாசம் தெரியும். போலிஷ்காரங்க நெத்தி, நெஞ்சு, அப்புறம் இடது தோள், கடைசியா வலதுன்னு தொடுவாங்க. லெம்கோ வலது தோளை முதல்ல தொடுவாங்க. அவ்வளவுதாங்க!

பெரிய யுத்தம் முடிஞ்சதும், லெம்கோ சனத்தை ஊரை விட்டே அனுப்ப பட்டாளம் வந்துச்சாம். "லெம்கோ எல்லாம் மூட்டையைக் கட்டு! ரயில் ஏறு!"

பரஸ்கா லெம்கோக்காரி. யுத்தத்துக்குப் போன புருஷன் செமன் இன்னும் திரும்பல. "நானும் போயிட்டா அவரு வந்து யாரு வீட்டுக் கதவைத் தட்டுவாரு?"ன்னு அழுதாளாம்.

பக்கத்து வீட்டு ஹான்கா போலிஷ்காரி. "போலிஷ்காரின்னு சொல்லிடுடி. பேச்சு உனக்கு நல்லாத்தான் வருது, கைதான் காட்டிக்கொடுக்கும். வா, பழகு"ன்னு கிணத்தடிக்கு இழுத்துட்டுப் போனாளாம். "இடது! அடி எருமை, இடதுடி!" அந்தத் துக்கத்துலயும் ரெண்டு பேரும் சிரிச்சாங்களாம்.

மறுநாள் வரிசை. அதிகாரி மூக்கால பேசுவானாம். "ந்நீ என்ன சனம்?"

"போலிஷ்காரிங்க ஐயா."

"ச்சிலுவை போடு."

நெத்தி, நெஞ்சு, இடது, வலது. பிசகல.

"சரி, வீட்டுக்குப் போ. புருஷன் எங்க?"

"யுத்தத்துக்குப் போனாருங்க. வரலைங்க."

அதிகாரி குரல் இறங்கிருச்சாம். "என் தம்பியும் வரல. நல்லபடியா வரணும்னு வேண்டிக்கோம்மா."

பரஸ்கா கண்ணை மூடினா. நிஜமாவே வேண்டினா. கை தானா எழுந்துச்சு. நெத்தி, நெஞ்சு, வலது.

கண்ணைத் திறந்தா, அதிகாரி அவ கையையே பார்த்துக்கிட்டு நிக்கிறானாம். கூட வந்த ஹான்கா வாயைப் பொத்திக்கிட்டா.

"வண்டியில ஏத்து"ன்னானாம், அவ முகத்தைப் பார்க்காமலே.

"அவரு வந்தா சொல்லுடி!"ன்னு பரஸ்கா வண்டியில இருந்து கத்தினாளாம். இவ எங்க இருக்கான்னு சொல்றது? ரயில் எங்க போகுதுன்னே யாருக்கும் தெரியாதே.

செமன் வந்தானான்னு கேக்காதீங்க, யாரும் பார்க்கல. ஹான்கா மட்டும் சாகுற வரைக்கும், கிணத்துல வாளி இறக்குமுன்னே வலது தோளைத் தொட்டுத்தான் சிலுவை போட்டாளாம். "தூரத்துல இருந்து பார்த்தா, நம்ம சனம் யாரோ இருக்குன்னு செமன் கிட்ட வருவான்ல?"ம்பாளாம்.

இன்னைக்கு அந்த ஊர்ல ஒரு லெம்கோ கிடையாது. ஆனா கோயில்ல இடது தொடுறவங்க, கிணத்தடிக்கு வந்தா வலது தொடுறாங்களாம். பரஸ்கா கிணறுன்னுதான் பேரு. யாரு பரஸ்கான்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியல. கை மட்டும் வலப்பக்கம் போகுது.