சீப்பு எழுத்து

கண் சோதிக்கும் அட்டையில் இருப்பது ஒரே ஓர் எழுத்துதான், டாக்டரம்மா. சீப்பு மாதிரி மூன்று பல் அதற்கு; அதையே பல பக்கமாகத் திருப்பி வரிசையாக அச்சடித்திருக்கும். பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையை நீட்டினால் போதும்; படிக்கத் தெரிய வேண்டியதில்லை. மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எங்கள் ஊருக்குக் கண் முகாம் வரும்போதெல்லாம் அட்டையை மாட்டி, குச்சியால் தொட்டுக் காட்டுவது நான்தான். கிழங்குக் காட்டில் கூலி வேலை செய்து ஓய்ந்த ஆள். ஆனாலும் முதியோர் வகுப்பில் நாலு எழுத்துப் படித்தவன் என்று அந்த வேலையைக் கொடுத்தார்கள்.

முன்பெல்லாம் குடித்துவிட்டு என் மனைவி அத்தாயியை அடிப்பேன். ஒருநாள் அவள் துணிகளை மூட்டை கட்டினாள், மலையடிவாரம் காரவள்ளியில் இருக்கும் மகள் கலைச்செல்வியிடமே போய்விடுவதென்று. அந்தச் சமயத்தில்தான் அவளுக்குப் பார்வை மங்கியது. தனியாக பஸ் ஏறப் பயந்து தங்கிவிட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம், மிளகுக் காட்டிலிருந்து திரும்பும்போது தடம் தெரியாமல் என் கையைப் பிடித்தாள். கல்யாணமானதிலிருந்து அவளாகப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அன்றோடு குடியை விட்டேன். அடிப்பதையும் விட்டேன்.

அடுத்து முகாம் வந்தது. பார்வை குறைந்தவர்களை வேனில் ஏற்றிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். கண் தெளிந்தால் அவள் மகளிடம் போய்விடுவாள். அதனால் வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

"தப்பாக் காட்டுனா கண்ணையே தோண்டி எடுத்துருவாங்க, அத்தாயி. நாஞ்சொல்ற மாதிரியே காட்டு. மேல, வலது, கீழ, கீழ, இடது."

"ஏனுங்க, இந்த வயசுல எனக்குப் பள்ளிக்கூடமா? தப்பாச் சொன்னா பெரம்பெடுப்பீங்களோ?" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

முகாமில், சொன்ன வரிசை மாறாமல் எழுத்துகளைக் குச்சியால் தொட்டேன். அவளும் மாறாமல் கை நீட்டினாள். கண் சோதிக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த தேன்மொழி என்ற பெண், "அம்மாவுக்குக் கழுகுக் கண்ணுங்க, வேன் வேண்டாம், ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றது.

அடுத்த வருஷமும் அப்படித்தான். அப்போது அவளுக்குச் சுவரே தெரியவில்லை. அட்டையில் குச்சி தட்டும் சத்தத்துக்குக் கை நீட்டினாள். முடிந்ததும், சரியாகச் செய்தேனா என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் நின்றது வேறு பக்கம்.

இன்று கலைச்செல்வி வந்து அம்மாவைப் பிடிவாதமாக இங்கே அழைத்துவந்திருக்கிறாள். கண் நரம்பு காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது, அப்போதே வந்திருந்தால் மிச்சப் பார்வையைச் சொட்டு மருந்திலேயே காப்பாற்றியிருக்கலாம் என்கிறீர்கள். முகாமில் எப்படித் தவறவிட்டார்கள் என்று கேட்டீர்கள். யாரும் தவறவிடவில்லை, அம்மா. நான்தான் மறைத்தேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை. தெரிந்தால் என் கையை விட்டுவிடுவாள். இத்தனை படிக்கட்டை எப்படி இறங்குவாள்? கலைச்செல்வி இருக்கிறாள்தான். ஆனால் அவளுக்கு அம்மாவின் நடை தெரியாது.