இரண்டாவது தடவை கேட்டவர்

மேடையில் இருக்கும் பெரியோர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு வணக்கம் சொல்லும் முன்னால் நான் கடைசி வரிசைக்கு வணக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. கதவோரமாக, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிற என் தோழர்களே! முன்னால் இத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடக்க, நீங்கள் ஏன் அங்கே போய் உட்கார்ந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் நமக்கு ஆகாது. வாசல் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பட்டாளத்தை விட்டு வந்து எவ்வளவு காலம் ஆனாலும் இந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. நம் சுபேதார் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் உங்களைத்தான் தேடுவார். அதனால் முதல் வணக்கம் உங்களுக்கு.

தலைமை ஏற்றிருக்கும் நாச்சியம்மை ஆச்சி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஜமாஅத் பெரியவர்களே, கல்லலிலிருந்தும் கோவிலூரிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் குடும்பத்தாரே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் மதினி திருமதி யூஜினியா தைரியநாதன் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். என் பெயர் அமீர் ஹம்சா. ஓய்வு பெற்ற ஹவில்தார். போன வாரம் மாரடைப்பில் நம்மை விட்டுப் பிரிந்த சுபேதார் தைரியநாதன் அவர்களோடு படையிலும் இருந்தேன். அவர் இந்தக் காரைக்குடியில் தொடங்கிய முன்னாள் படைவீரர் குடும்ப ஆதரவு மையத்திலும் முதல் நாளிலிருந்து கூடவே இருந்தேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை மாவீரர் என்றார்கள். தியாகச் செம்மல் என்றார்கள். மெய்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் இங்கே இருந்திருந்தால் என் பக்கம் குனிந்து, "ஹம்சா, இவுக யாரைப்பா சொல்றாக?" என்று கேட்டிருப்பார். புகழ்ச்சி என்றாலே அவருக்கு ஒவ்வாது. அப்படியானால் அவர் என்னதான் செய்தார்? ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். ஆமாம், சிரிக்க வேண்டாம்! செக்காலை ரோட்டில் நாச்சியம்மை ஆச்சி தந்த இரண்டு அறைகளுக்கு வெளியே, தெருவைப் பார்த்துப் போட்ட ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்தார். அதைத்தான் செய்தார்.

மையம் தொடங்கியபோது உள்ளே மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் போட்டு, வாசலில் "மனநல ஆலோசனை" என்று பெரிய பலகையும் மாட்டினோம். ஒரு ஆள் வரவில்லை. பலகையைப் பார்த்ததும் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள் நம் சிங்கங்கள்! "எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று என்னிடமே கேட்டார் ஒருவர். அவர் இப்போது கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். அன்றைக்கே சுபேதார் பலகையைக் கழற்றினார். உள்ளே கிடந்த பெஞ்சை வெளியே இழுத்துப் போட்டார்.

"மேசைக்கு இங்குட்டு ஒருத்தர், அங்குட்டு ஒருத்தர்னு உக்காந்தா அது விசாரணை ஹம்சா. நம்ம ஆளு வாயைத் திறக்க மாட்டான். காவல் நிக்கிறப்ப என்ன செய்வோம்? ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கிட்டுத்தானே பேசுவோம்? இங்கயும் அப்படியே உக்காருவோம்" என்றார்.

அதற்குப் பிறகு ஊருக்குள் ஆலோசனை என்ற பேச்சே இல்லை. "சுபேதார் பெஞ்சுக்குப் போயிட்டு வாரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, டீ குடித்து, போகிற வருகிற பஸ்ஸை எல்லாம் திட்டினார்கள். திட்டி முடித்த பிறகு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்கள். பெஞ்சு மருந்தாகாது என்பதும் அவருக்குத் தெரியும். மருத்துவரைப் பார்க்க வேண்டியவரை மதுரைக்குத் தானே அழைத்துப் போவார். அங்கேயும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது? அதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. உரிமை உள்ளவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். நம் மையத்தில் மனைவிமார் கூட்டத்தை நடத்தும் பொன்னழகு. சொல்லலாமா என்று காலையில் கேட்டேன். "சொல்லுங்கண்ணே. மூடி மூடி வச்சுத்தானே இம்புட்டும் ஆச்சு" என்றார்.

பொன்னழகுவின் கணவர் இருளாண்டி எங்களோடு இருந்தவர். எங்களுக்கு முன்பே ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். ஒரு விடுமுறை முடிந்து சுபேதார் படைக்குக் கிளம்பியபோது, வழியனுப்ப இருளாண்டி கல்லல் ரயில் நிலையத்துக்கு வந்தார். ஆள் மெலிந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. "எல்லாம் சரியா இருக்காப்பா?" என்று சுபேதார் கேட்டார். இருளாண்டி குதிகாலைச் சேர்த்து நின்று, "ஆல் ஓகே, சாப்!" என்றார்.

தாய்மார்களே, உங்களுக்கு இந்தச் சொல் தெரியும். போனில் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! காவல் மாற்றும்போது சொல்வது, அதிகாரி வந்தால் 'ஐயா' என்பதற்கு 'சாப்' சேர்த்துச் சொல்வது. காலில் கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் அம்மாவிடம் நானும் அதையேதான் சொன்னேன். இருமல் வருவது போல எங்களுக்கு அது தானாக வரும். அன்று ரயில் வந்தது. சுபேதார் ஏறிவிட்டார். அவர் அடுத்த விடுமுறைக்கு வரும் முன்னால் இருளாண்டி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

சுபேதார் ஓய்வு பெற்று வந்ததும் முதலில் பொன்னழகு வீட்டுக்குத்தான் போனார். நானும் போனேன். பொன்னழகு அழவில்லை, கோபப்படவுமில்லை. "இன்னொரு தடவை கேட்டிருந்தா அவுக சொல்லியிருப்பாகளாண்ணே?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரிந்து, அதற்குப் பிறகு அவர் வாழ்ந்ததெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான்.

அன்றிலிருந்து எவரையும் அவர் ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டதில்லை. இதோ, மரிய ஆனந்த் இருக்கிறார். எல்லையிலிருந்து திரும்பி வந்தவர், கோயில் திருவிழாவில் வேட்டுப் போட்டதும் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தார். கணவர் தன்னை வெறுக்கிறார் என்று அவர் மனைவி ஆன் மேரி பிறந்த வீட்டுக்குப் பெட்டி கட்டிவிட்டார். மரிய ஆனந்த் பெஞ்சுக்கு வந்தார். நாள் கணக்காகத் தேவகோட்டை பஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்று மட்டுமே பேசினார். சுபேதாரும் சளைக்காமல் அந்த பஸ்ஸைப் பற்றியே பேசினார். ஒரு நாள் மெல்லக் கேட்டார்.

"எப்படி இருக்க?"

"ஆல் ஓகே, சாப்."

"சரி. அது சாப்புக்குச் சொன்ன ரிப்போர்ட்டு. இப்ப தைரியநாதன் கேக்குறேன். எப்படி இருக்க?"

அவ்வளவுதான். மரிய ஆனந்த் அழுதார். தெருவைப் பார்த்துக்கொண்டே அழுதார். சுபேதாரும் தெருவைத்தான் பார்த்தார், அவர் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் ஆன் மேரியிடம் போய், "அம்மா, அவன் கோபமெல்லாம் அந்தச் சத்தத்து மேல. உங்க மேல இல்ல" என்றார். கட்டிய பெட்டி பிரிந்தது. இன்று இருவரும் பிள்ளையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய பதக்கம் ஒரு சுபேதாருக்கு வேறென்ன வேண்டும்!

இதோடு முடித்துக்கொண்டு அமர்ந்துவிடலாம். கைதட்டுவீர்கள். ஆனால் எனக்கு ஆறவில்லை. நெஞ்சில் கிடந்து அறுக்கிற ஒன்றைச் சொல்லாமல் இறங்கினால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கடைசி மாதங்களில் அவர் மையத்தின் படியில் நின்று நின்று ஏறினார். நாம் பார்க்கவில்லையா? பார்த்தோம். டீயை ஆறவிட்டார். பேச்சின் நடுவே நெஞ்சில் கையை வைத்தார். பார்த்தோம்! பொன்னழகு கேட்டார், "உடம்புக்கு என்னண்ணே?" மரிய ஆனந்த் கேட்டார். ஆச்சி கேட்டார். நானும் கேட்டேன். எல்லாருக்கும் ஒரே பதில், "ஆல் ஓகே." சரி என்று போய்விட்டோம். எவர் அந்தச் சொல்லை நம்பாதே என்று நமக்குக் கற்றுக் கொடுத்தாரோ, அவர் சொன்னபோது நம்பினோம்! பத்துப் பேர் ஆளுக்கு ஒரு தடவை கேட்டால் அது இரண்டாவது தடவை கேட்டதாகுமா? ஆகாது, தோழர்களே, ஆகாது.

அடக்கம் முடிந்த பிறகு அவர் வண்டியை நான் ஓட்டி வந்தேன். வழியில் நின்றுவிட்டது. ஸ்பேனர் எடுக்கலாம் என்று டூல் பாக்ஸைத் திறந்தால், உள்ளே நெஞ்சுவலி மாத்திரை அட்டைகள். மதுரையில் மருத்துவர் அறுவை சிகிச்சைக்கு வரச் சொல்லியிருக்கிறார். நம் மையத்தின் குடும்ப முகாம் முடியட்டும் என்று இவர் தள்ளிப் போட்டிருக்கிறார். அதைப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். மதினியிடம் கேட்டபோது, "சிவகங்கையில ஆபீஸ் வேலைன்னுதானே தம்பி சொல்லிட்டுப் போனாக" என்றார். நம் ஒவ்வொருவரையும் மதுரைக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போன மனிதர், தனக்கென்று போனபோது பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இல்லாமல் போனார். இதை நான் எப்படித் தாங்குவது? நீங்கள் எப்படித் தாங்குவீர்கள்?

சாப், உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. எங்களை எல்லாம் வாய் திறக்க வைத்தீர்களே, நீங்கள் ஏன் திறக்கவில்லை? அந்தப் பெஞ்சில் எத்தனை நாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்! ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா? திட்டியாவது உங்களை இழுத்துக்கொண்டு போயிருப்பேனே! இனி யாரிடம் போய்க் கோபப்படுவது?

அவையோரே, அந்தப் பெஞ்சை உள்ளே எடுத்துப் போய், அவர் படத்தை வைத்து, மாலை போட்டு நினைவுச் சின்னமாக்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். வேண்டாம்! கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம். அது தெருவைப் பார்த்தே கிடக்கட்டும். வெயிலில் காயட்டும். நாளைக் காலையிலிருந்து அதில் ஆள் இருக்கும். நான் இருப்பேன். நான் வராத நாளில் மரிய ஆனந்த் இருப்பார். உள்ளே மனைவிமாருக்கு எப்போதும் போலப் பொன்னழகு இருப்பார். வருகிறவரைக் கேட்போம். "ஆல் ஓகே" என்பார். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்து மறுபடியும் கேட்போம். அந்தப் பெஞ்சில் உட்காருகிற நாங்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். இது சுபேதார் தைரியநாதன் பெயரால் நாங்கள் எடுக்கும் உறுதி.

இரங்கல் கூட்டம் என்றால் எழுந்து நின்று மௌனம் காப்பது வழக்கம். ஆச்சி மன்னிக்க வேண்டும், இன்று அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாயை மூடிக்கொண்டு நிற்பது எங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். அதனால்தான் இருளாண்டியை இழந்தோம், அதனால்தான் இவரையும் இழந்தோம். இந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சீக்கிரமாக வந்தால், மறுபடியும் கேளுங்கள்.

மதினி, காலையில் மண்டப வாசலில் உங்களைக் கேட்டேன், "எப்படி இருக்கீக?" என்று. "நல்லாத்தான் இருக்கேன் தம்பி. நீங்க போயி மேடை வேலையைப் பாருங்க" என்றீர்கள். அது துக்கத்துக்கு வந்தவனுக்குச் சொன்ன பதில். உங்கள் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காராமல் விட்டிருக்கிறார்கள். நான் பேச வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பொன்னழகு, நீங்களும் வாங்கம்மா. ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் நான். மூவரும் முன்னால் பார்த்து உட்காருவோம். பதில் இன்றைக்கே வர வேண்டியதில்லை. பஸ்ஸைப் பற்றிக்கூடப் பேசலாம்.

இதோ, இறங்கி வருகிறேன், மதினி.