வீரக்குட்டி கொடுத்த விளக்கு

பால் இல்லாவிட்டாலும் பிளேன்ரீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. சீனிதான் கொஞ்சம் குறைவு. யுத்த காலம், குறை சொல்லக் கூடாது. நான் வந்தது நேவியிடமிருந்து வரவேண்டிய படிப்புக்காசைக் கேட்க. நீங்களோ விளக்கு யாருடையது என்று கேட்கிறீர்கள். விளக்கும் என்னுடையதுதான். அதையும் சேர்த்துத் தந்தால் நல்லது.

கப்பல்களுக்கு மரக்கறியும் இறைச்சியும் கொடுக்கும் இந்த வீரக்குட்டியின் கடையைத் துறைமுகத்தில் தெரியாதவர் இல்லை. எனக்கு இங்கிலீஷ் வராது. வெள்ளைக்காரனோடு பேசுவது, விலை சொல்வது, அவன் கோபத்தை ஆற்றுவது எல்லாம் என் கிளாக்கர் இரத்தினசிங்கம்தான். சாம்பல்தீவுப் பெடியன். தகப்பன் இல்லை, தாய் அன்னப்பிள்ளை கருவாடு விற்று வளர்த்தவள். தந்தி அடிக்கப் படிக்க விருப்பம் என்றான். காசு கட்டிப் படிப்பித்தேன்.

உண்மையைச் சொன்னால், அந்த வருடம் எதிர்க்கடை ஸைனுலாப்தீன் சந்தியில் ஒரு கிணறு கட்டிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் கிணறு தண்ணீர்தான் தரும், வாய் திறந்து கட்டியவன் பெயரைச் சொல்லாது. படித்தவன் சொல்லுவான். கல்விக்கு உதவும் நல்லெண்ணம் எனக்குள் புகுந்தது அப்படித்தான்.

சித்திரையில் யப்பான்காரன் குண்டு போட்டபோது ஊரில் பாதி கந்தளாய்ப் பக்கம் ஓடியது. இரத்தினசிங்கம் ஓடவில்லை. கடையையும் பார்த்தான், படிப்பையும் விடவில்லை. பிறகு ஒருநாள் சிரித்துக்கொண்டு வந்து நின்றான்.

"நேவியிலை வேலை சரிவரும் போலை, முதலாளி. விளக்காலை சைகை காட்டுற சோதினை ஒண்டுதான் மிச்சம். பாஸ் பண்ணினால் நீங்கள் கட்டின படிப்புக்காசை அவையே உங்களுக்குத் திருப்பித் தருவினம்."

"கடையை ஆர் பாக்கிறது?"

"வேறை ஆரும் வருவினம்தானே."

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தால் என்ன செய்வதென்று இறைச்சி விற்கிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் கோபப்படவில்லை. உதவியைக் கூட்டினேன். நல்ல விளக்கொன்று வாங்கிக் கொடுத்தேன். கடைக்கு மேலே கடலைப் பார்த்த அறையை ஒழித்துக் கொடுத்து, யன்னலை மூடியிருந்த கறுப்புத் துணியையும் என் கையாலேயே கழற்றினேன்.

"வெளிச்சம் வெளியிலை தெரியக் கூடாதே, இருட்டடிப்பு எல்லோ, முதலாளி?"

"இருட்டடிப்பைப் பாக்கிற வார்டனோடை நான் கதைக்கிறன். நீ பயப்பிடாமல் பழகு."

கதைத்தேன். சொன்ன சொல் தவறுவது என் பழக்கம் இல்லை. மேல்மாடியில் எவனோ கடலுக்கு விளக்குக் காட்டுகிறான், எனக்குப் பயமாக இருக்கிறது என்று கதைத்தேன். பிறகு வீட்டுக்குப் போய்ப் பிட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டேன்.

சுடுவார்கள் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். கரையில் வெளிச்சம் தெரிந்தால் சுடுவோம் என்று தெருத்தெருவாகச் சொன்னார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

செத்தவீட்டில் அன்னப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ரை பிள்ளையைப் படிப்பிச்ச தெய்வம் நீங்கள்" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. செத்தவீட்டுச் செலவும் நான்தான் பார்த்தேன். அதை உங்களிடம் கேட்கவில்லை.

சுடுபட்ட இரவு அவன் விளக்கால் என்ன காட்டினான் என்பது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கப்பலில் நின்ற சைகைக்காரர் வாசித்தாராம். வீரக்குட்டி, வீரக்குட்டி என்று என் பெயரையே திரும்பத் திரும்பக் காட்டினானாம். அவர் அதைக் கரைக்கு அறிவிப்பதற்குள் காவல்காரன் சுட்டுவிட்டான். ஸைனுலாப்தீனின் கிணறு இப்படி அவர் பெயரைச் சொல்லுமா?

எழுதிக்கொள்ளுங்கள், கொன்றது நான்தான். காவல்காரன் பாவம், சம்பளத்துக்குச் செய்தவன். ஒன்றுமட்டும் கேட்கிறேன். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை என்று அந்தச் சைகைக்காரரே சொன்னதாகச் சொன்னீர்கள். அப்படியென்றால் பெடியன் பாஸ்தானே, ஐயா?