நாலாம் நம்பர் பெட்டுக்கு ஒரு மீனு

அது வேண்டாஞ் சாமி. பாக்க நல்லாத்தான் இருக்குது, வரி வரியா. பக்கத்துல போற மீனு வாலக் கடிச்சு வெச்சிரும். போன வருசம் உங்க மச்சான் வேண்டாம் வேண்டாம்னாரு, கேக்காம வாங்கிட்டுப் போயி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எங்க, மச்சானக் காணோம்? மெட்ராசுக்கு மீனெடுக்கப் போயிருக்காங்களா. செரி செரி. அவரு இருந்தா நான் வாயே தொறக்க வேண்டியதில்ல, எல்லாந் தெரியும் அவருக்கு.

ஒரே ஒரு மீனு போதுங்க. சாதுவா இருக்கோணும். தொட்டியில ஏழெட்டு இருக்குது, நெறையாச் செடி இருக்குது. ஒரு மஞ்சக் கௌராமி இருக்குதுங்க, வயசானது, மெதுவாத்தான் நீந்தும், மூலையில செடிக்குள்ளயே நிக்கும். அதுக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாது. எனக்கு அது ஒண்ணுதான்.

ஊட்டுத் தொட்டி இல்லீங்க, ஆஸ்பத்திரித் தொட்டி. டயாலிசிஸ் பண்ற ரூமுல ஆறு பெட்டுக்கும் நேரா வெச்சிருக்காங்க. ரத்தத்த வெளிய எடுத்து மெசினுல கழுவி உள்ள உடறாங்கல்ல, அதுக்கு நாலு மணி நேரம் கைய அசைக்காமப் படுத்திருக்கோணும். பாத்துட்டு இருக்கட்டும்னு டாக்டரு வாங்கி வெச்சாரு. வெச்சாரே தவிர ஆரும் கவனிக்கறதில்ல. நான் வெளிய பெஞ்சுல சும்மா உக்காந்திருக்கறவதான, நானே தண்ணி மாத்த ஆரம்பிச்சேன். திங்க, புதன், வெள்ளி, பத்து மணி ஷிப்ட்டு. ரெண்டு வருசமா.

எம்பேரு அத்தாயிங்க, எருமப்பட்டி. எங்கூட்டுக்காரரு கந்தவேலு, ரிக் வண்டியில இருந்தவரு. மத்தியப் பிரதேசம் வரைக்கும் போயி ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணி எடுத்த ஆளு. கிட்னி போனதும் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. படுத்துக்கிட்டே மீனப் பாத்து, குடுத்து வெச்ச பொறப்பு இதுகன்னு சொல்லுவாரு.

மொதல்ல கோல்டு ஃபிஷ் உட்டோம். செடியப் பூரா மேஞ்சு, மிச்சத்த வேரோட புடுங்கிப் போட்டிருச்சு. அப்பறம் ஏஞ்சல் ஒண்ணு, நியான் ஆறு, இந்தக் கௌராமி. ஒரு வாரங் கழிச்சுப் பாத்தா நியான் ரெண்டுதான் இருக்குது, ஏஞ்சலு நல்லாக் கொழுத்திருக்குது.

வெறும் மீனுன்னாப் போகுதுன்னு உட்டரலாங்க. அங்க ஆளாளுக்கு ஒரு மீனு. ரெண்டாம் நம்பர் பெட்டு சகாயம்மா டீச்சர்தான் ஆரம்பிச்சாங்கன்னு நெனைக்கறேன், அந்த நீலக் கப்பி எனக்குன்னு. ஒடனே மத்தவங்களும் ஒவ்வொண்ணப் புடிச்சுக்கிட்டாங்க. வந்து படுத்ததும் தன்ற மீனு இருக்குதான்னு பாப்பாங்க. அப்பறந்தான் ஊசிக்குக் கைய நீட்டுவாங்க. நான் அந்த வரிமீனக் கொண்டு போனதும் முருகானந்தம் அது என்றதுன்னுட்டாரு, கோழிப்பண்ணைக்காரரு. பத்தே நாள்ல அது டீச்சரு கப்பி வால அறுத்துப் போட்டிருச்சு. உன்ற மீனு என்ற மீனத் திங்குதுன்னு டீச்சர் அழுதுட்டாங்க, அறுவது வயசுப் பொம்பள. அந்த மனுசன் என்னக் கூப்புட்டு, பண்ணையில குஞ்சுக்கு மூக்கு வெட்டி உடற மாதிரி இதுக்கும் வெட்டிரலாமான்னு கேக்கறாரு.

கப்பி செத்துப் போச்சு. சிஸ்டர் காலையில போன் பண்ணிட்டாங்க. பஸ்ஸ உட்டு எறங்குனதும் இங்கதான் வந்தேன். அதே நீலம், அதே அளவு தேடிப் புடிச்சு, பத்து மணிக்குள்ள கொண்டு போயி உட்டுட்டேன். டீச்சர் வந்து பாத்துட்டு, வாலு வளந்திருச்சு பாருன்னாங்க. அன்னையிலிருந்து இதே பொழப்பாப் போச்சு. பதினோரு மீனு மாத்தியிருக்கறனுங்க. ஒருத்தருக்குந் தெரியாது, எங்கூட்டுக்காரரத் தவிர. நான் மீனு பாத்து முடிக்கற வரைக்கும் அவரு இந்த ஸ்டூலுலதான் உக்காந்திருப்பாரு. அவரோட மீனுதான் அந்த மஞ்சக் கௌராமி. அத மட்டும் நான் மாத்துனதில்ல. அன்னைக்கு உட்டது அப்படியே இருக்குது.

இப்ப புதுசா ஒரு புள்ள வந்திருக்குது, அபிநயான்னு. இருவத்திநாலு வயசு, சேந்தமங்கலம். நாலாம் நம்பர் பெட்டு. மொத நாளு பயத்துல கண்ணே தொறக்கல. அடுத்த தடவ முருகானந்தம் பேச்சுக் குடுத்தாரு, இங்க எல்லாருக்கும் ஒரு மீனு உண்டும்மா, உனக்கு எது வேணும்னு. அந்தப் புள்ள அந்த மஞ்ச மீனக் காட்டிருச்சு. நான் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தேன். அதுக்கு ஆளிருக்குது கண்ணு, உனக்கு வேற கொண்டாரேன்னு சொல்லிட்டேன். அதுக்குத்தான் வந்தது.

நியான் வேண்டாங்க. கூட்டமாத்தான் இருக்கும்ங்கறீங்க, ஆறு உட்டா அதுல எது தன்றதுன்னு அந்தப் புள்ள எப்படிக் கண்டுபுடிக்கும்? ஃபைட்டரும் வேண்டாம், கௌராமியத் தொரத்தும். அந்தச் செவப்பு பிளாட்டி, ஆமா, ஓரமா மேஞ்சுட்டு இருக்குதே, அது செரி. நல்லா ஓடிட்டே இருக்குது. படுத்துட்டுப் பாக்கறவங்களுக்கு அப்படி இருந்தாத்தான் பொழுது போகும். கௌராமிய ஒண்ணும் பண்ணாதுங்களே? செரி, அதையே புடிங்க.

காத்து நெறையாப் புடிச்சுக் கட்டுங்க. போனதும் பையோட தொட்டியில கொஞ்ச நேரம் மெதக்க உடோணும், தெரியுங்க.

அவருங்களா? வெளிய இல்லீங்க. ஸ்டூலு சும்மாதான் இருக்குது, நீங்க பெட்டிய வெச்சுக்கங்க. நாலாம் நம்பர் பெட்டு அவருதுதானுங்க. போயி இன்னையோட பத்தொம்பது நாளாச்சு. காரியமெல்லாம் முடிஞ்சுது.

மீனு செத்தா மாத்தத் தெரியும் எனக்கு. ஆளு போயி மீனு இருந்தா என்ன பண்றதுன்னு தெரியலீங்க. ஊட்டுக்குக் கொண்டு போயிருங்கக்கான்னு சிஸ்டர் சொன்னாங்க. ஊட்டுல அதப் பாக்க ஆரு இருக்கறாங்க? அங்கன்னா நாலு பேரு பாக்கறாங்க.

அழுகை வரலீங்க. எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. திங்கக்கெழம ஆனா காலு அதும்பாட்டுக்கு பஸ்ஸுக்குப் போகுது. இன்னைக்குக் கண்டக்டரு பழக்கத்துல ரெண்டு டிக்கெட்டு நீட்டுனாரு. பேசாம வாங்கிக்கிட்டேன். ஒரு பொம்பள வந்து பக்கத்துல உக்காரப் போச்சு. ஆளிருக்குதுன்னுட்டேன். பாவம், நாமக்கல் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்துது.

கட்டிட்டீங்களா? குடுங்க சாமி. பத்து மணிக்குள்ள போவோணும்.