ஏழு தாய் ஆடுகளும் அழிக்கப்பட்ட பதிவுகளும்

பெயர்: அபிநயா. வயது: 27. தகப்பனார் பெயர்: மாதையன். விலாசம்: மேல்காட்டு வளவு, மேச்சேரி அருகில், சேலம் மாவட்டம். தொழில்: கணினி மென்பொருள் எழுதுதல். நாள்: 11.04.2025.

நான் மேற்படி விலாசத்தில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். எங்கள் பகுதி ஆடு வளர்ப்போர் குழுவுக்கு ஒரு செல்போன் செயலி செய்து கொடுத்துள்ளேன். ஒவ்வொரு ஆட்டின் காதில் மாட்டிய வில்லையின் எண், போட்டோ, சிகிச்சை, அது எந்தத் தாய்க்குப் பிறந்தது என்ற விவரங்கள் இணையத் தரவுத்தளத்தில் பதிவாகி இருக்கும். பதிவு வேலையை வீரபாகு என்பவர் பார்த்து வந்தார். பதிவுகளை அழிக்கவும் அவருக்கு அனுமதி இருந்தது.

முதலில் குட்டியின் பதிவைத் தாயின் பதிவுக்கு உள்ளேயே வைத்திருந்தேன். கடந்த ஜனவரியில் குழு உறுப்பினர் ஆராயி, வயது 50, தன் ஆடு ஒன்று இறந்ததால் அதன் பதிவை வீரபாகுவைக் கொண்டு நீக்கியபோது, குட்டியின் பதிவும் சேர்ந்து போய்விட்டது. அவர் என் வீட்டுக்கு வந்து, “தாய் செத்துப்போச்சுன்னா குட்டியும் இல்லைன்னு ஆயிருமா சாமி? அது பட்டில நின்னு கத்திக்கிட்டு இருக்குது” என்றார். அதன் பிறகு பதினைந்து நாள் உட்கார்ந்து முழுவதையும் மாற்றி எழுதினேன். ஆடு, போட்டோ, சிகிச்சை எல்லாம் தனித்தனிப் பதிவுகள் ஆயின. தாயின் மாறாத எண்ணைக் குட்டியின் பதிவிலும், போட்டோவிலும், சிகிச்சையிலும் குறித்து வைப்பதே உறவு என்று ஆக்கினேன். இந்த மாற்றத்தை யாரிடமும் விளக்கிச் சொல்லவில்லை.

09.04.2025 புதன்கிழமை காலை 11 மணி சுமாருக்கு ஆராயி போன் செய்து, ஆடுகளை மேய்ச்சலில் விட்டு ரேஷன் கடைக்குப் போய் வருவதற்குள் ஏழு தாய் ஆடுகளைக் காணவில்லை, குட்டிகள் மட்டும் பட்டியில் இருக்கின்றன என்று அழுதார். நான் செயலியைத் திறந்தபோது அந்த ஏழு ஆடுகளின் பதிவும் இல்லை. காலை 10.20க்கு வீரபாகுவின் செல்போனிலிருந்து அழிக்கப்பட்டதாகக் காட்டியது. உடனே நானும் ஆராயியும் காவல் நிலையம் சென்று சொன்னோம். ஆடுகளை விற்கக் கொண்டுபோயிருக்கலாம் என்று உதவி ஆய்வாளர் ஸ்ரீதேவி அவர்களுடன் ஆட்டுச் சந்தைக்குப் போனோம்.

அங்கே வீரபாகு ஒரு மினி லாரியில் ஏழு ஆடுகளுடன் நின்றார். காதுகளில் வில்லை இல்லை. அவர், “மேச்சேரி ஆடு எல்லாம் ஒரே நெறந்தானுங்க மேடம். இது போன வாரம் நான் வாங்குனது. அவங்க ஆடுன்னா செயலில காட்டச் சொல்லுங்க” என்று சிரித்தார்.

அப்போதுதான் எனக்குக் குட்டிகளின் நினைவு வந்தது. தேடினேன். ஏழு குட்டிகளின் பதிவுகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் தாயின் எண் இருந்தது. அந்த எண்ணைப் போட்டதும் அழிக்கப்பட்ட தாய்களின் போட்டோக்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. நான் சந்தை என்பதையும் மறந்து கத்திவிட்டேன். செல்போனை உதவி ஆய்வாளரிடம் நீட்டினேன்.

உதவி ஆய்வாளர், “போட்டோ மட்டும் பத்தாதும்மா” என்றார். குட்டிகளைக் கொண்டுவரலாம், எது எந்தத் தாயிடம் போகும் என்று முன்கூட்டியே எழுதித் தருகிறேன் என்றேன். போட்டோவில் உள்ள காது வெட்டு, தாடை வெள்ளை போன்ற அடையாளங்களைப் பார்த்து ஆடுகளின் முதுகில் கலர் சாக்பீஸால் ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டேன். பட்டியலில் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தேன். ஆராயியின் தம்பி அப்புசாமி குட்டிகளை ஆட்டோவில் கொண்டுவந்தார்.

ஒவ்வொன்றாக விட்டோம். முதல் குட்டி கூட்டத்துக்குள் புகுந்து நேராக இரண்டாம் எண் ஆட்டின் மடியில் முட்டியது. பட்டியலிலும் இரண்டுதான். ஆறு குட்டிகள் அப்படியே போயின. வியாபாரிகள் ஒவ்வொரு முறையும் விசில் அடித்தார்கள். ஏழாவது குட்டி ஆறாம் எண்ணிடம் போக வேண்டும். ஆனால் மூன்றாம் எண்ணிடம் போய்க் குடிக்கத் தொடங்கியது. வீரபாகு கைதட்டினார்.

ஆராயி முன்னால் வந்து, “பெத்தது ஆறாம் நெம்பருதானுங்க. மடி கல்லாட்டம் வீங்கிப் பால் வத்திப்போச்சு. நாந்தான் மூணாம் நெம்பரு மடில புடிச்சு ஊட்ட வெச்சேன்” என்றார். நான் ஆறாம் ஆட்டின் எண்ணைச் சிகிச்சைப் பதிவுகளில் தேடினேன். 20.03.2025, மடிநோய், இரண்டு காம்பும் என்று இருந்தது. வேறு ஊர் வியாபாரி ஒருவரை அந்த ஆட்டைக் கறந்து பார்க்கும்படி உதவி ஆய்வாளர் சொன்னார். ஒரு சொட்டும் வரவில்லை. நான் ஆராயியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வீரபாகு மினி லாரியின் படியில் உட்கார்ந்து, “தாயை அழிச்சா எல்லாம் அழிஞ்சிருமுன்னு நெனச்சேனுங்க. ஆட்டை எறக்கிக்குங்க” என்றார்.

பால் கொடுத்த தாய் என்ற உறவுக்கு என் தரவுத்தளத்தில் அன்றுவரை இடமில்லை. அது என் தவறு. தரவுத்தளத்தின் அப்போதைய நகலைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, நேற்று அந்த உறவைச் சேர்த்தேன். அந்த ஏழாவது குட்டியின் பதிவில் இப்போது இரண்டு தாய்களின் எண்கள் உள்ளன.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் செய்ததும் இதுவே, இதில் பொய் ஏதும் இல்லை.

(ஒப்பம்) மா. அபிநயா